கணவாயின் மதிய அமைதி

மே 27, செவ்வாய்

காலை பத்தரை மணிக்கு ஆராய்ச்சி அம்மாள் வந்து இறங்கினார். பெயர் செல்வநாயகி, ஊர் உடுமலைப் பக்கம், வயது முப்பத்தெட்டு இருக்கலாம். பாலிடெக்னிக்கில் பதினான்கு வருடம் பாடம் நடத்திவிட்டு இப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாராம். இந்தக் காற்றுப் பருவம் முழுக்க எங்கள் மஞ்சணப்பொத்தை துணை மின்நிலையத்தில்தான் இருக்கப்போகிறார். மேலிடத்து உத்தரவு. இசக்கியப்பன் என்று ஒருவன் ஏழு வருடமாக இந்த நிலையத்துக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருக்கிறான் என்பது மேலிடத்துக்கு ஞாபகம் வந்தால்தானே என்னைக் கேட்பார்கள்.

கணவாய்க் காற்றில் சுற்றும் நானூற்றுச் சொச்சம் காற்றாலைகளின் மின்சாரம் எங்கள் நிலையத்தில் சேர்ந்துதான் வெளியே போகிறது. நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று இன்றைக்கே சொல்லிவிடும் கணினி நிரல் ஒன்றை இவர் எழுதியிருக்கிறாராம். மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தேன்.

பன்னிரண்டு வருட லாக் ஷீட்டுகளையும் கேட்டார். மணிக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து எத்தனை மெகாவாட் என்று கையால் எழுதும் தாள்கள் அவை. தானாகவே பதிவு செய்யும் மீட்டர் வரும் ஜூன் ஒன்றிலிருந்துதான் ஓடப்போகிறது. அதற்கு முன்னால் எல்லாம் கைக்கணக்குதான். வருடவாரியாகப் பைண்டு செய்து அடுக்கி வைத்திருப்பதைக் காட்டினேன். அசந்துபோனார். அடித்தல் திருத்தல் கிடையாது. மாவட்டத்திலேயே சிறந்த பராமரிப்பு என்று எனக்குச் சான்றிதழ்கூட உண்டு. அதையும் காட்டினேன்.

வீட்டில் கொடியில் காயப்போட்ட என் வேட்டி பறந்துபோய் மூன்றாவது வீட்டு முருங்கையில் சிக்கிக்கொண்டது. எடுத்து வந்ததில் ஒரு முழம் கிழிசல். மனைவி பிரம்மு என்னைத் திட்டினாள். காற்றைத் திட்ட முடியாதல்லவா.

மே 28, புதன்

மதியம் ஒரு மணி, இரண்டு மணிப் பதிவுகளை இனி அந்தந்த நேரத்துக்கு மீட்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று எல்லா ஆபரேட்டர்களிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

அம்மாள் காலை எட்டு மணிக்கு வருகிறார், மாலை ஆறுக்குப் போகிறார். லாக் ஷீட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொரு எண்ணாகக் கணினியில் ஏற்றுகிறார். ஒரு லட்சம் எண்களுக்கு மேல் இருக்கும். "ஆளை வெச்சு ஏத்தலாமே மேடம்" என்றேன். "நானே ஏத்துனாத்தாங்க சார் காத்து எப்படிப் போச்சுன்னு மனசுல பதியும்" என்றார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று முதலில் நினைத்தேன். மாலைக்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

ஏனென்றால் தேநீர் நேரத்தில் எனக்கு விளக்கினார். மலைக்கு மேற்கே கேரளப் பக்கம் காற்றழுத்தம் எவ்வளவு, கிழக்கே நம் பக்கம் எவ்வளவு, மேகம் எங்கே நிற்கிறது, இதே நிலைமை இருந்த பழைய நாட்களில் இங்கே எத்தனை மெகாவாட் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நிரல் நாளைய கணக்கைச் சொல்லும். முன்கூட்டியே தெரிந்தால் சென்னைக் கட்டுப்பாட்டு அறை நிலக்கரி நிலையங்களை நேரத்தோடு குறைத்து, காற்றுக்கு வழி விடும். தெரியாவிட்டால் இப்போது நடப்பதுபோல, நல்ல காற்றில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். முப்பது வருடமாக இந்த உத்தரவுகளை வாங்கியிருக்கிறேன். இதற்கு ஒரு மருந்து இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் 14 சென்னையில் குழு கூடுகிறது. நிரல் தேறினால் மாநிலம் முழுக்கக் கொண்டுபோவார்கள். தேறாவிட்டால் சோதனை அன்றோடு முடிந்தது. ஆறு வருட உழைப்பு.

ஜூன் 12, வியாழன்

ஆபரேட்டர் தாணுமாலயன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். "ரெண்டேகாலுக்குச் சோறு திங்கது மனுசன் செய்யுத சோலியா சார்? ரசம் பச்சத்தண்ணியாக் கெடக்கு." எனக்கும் அப்படித்தான். பிரம்மு வைத்த நெத்திலிக் குழம்பு ஆறிப்போய் ருசியே இல்லை. ஆனாலும் எழுதுகிறோம்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நான் கண்ணால் பார்த்ததை எழுதிவிடுகிறேன். நேற்று மாலையே அம்மாள் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். காலை ஆறு மணிக்கு 71 மெகாவாட். வந்தது 73. ஒன்பது மணிக்கு 88. வந்தது 86. மாலை ஐந்துக்கு 112. வந்தது சரியாக 112! தாணுமாலயன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். வானத்தையும் மலையையும் இவ்வளவு பொறுமையாகப் படித்த ஒரு மூளையை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

மதியம் மட்டும் தப்பு. ஒரு மணிக்கு 80 என்று சொன்னது; 121 வந்தது. இரண்டு மணிக்கும் அதே கதை. அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 28, சனி

அம்மாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். பையை வைக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"ஏனுங்க சார், பன்னெண்டு வருசமா இந்தக் கணவாய்ல மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் காத்து அடங்குதுங்க. எந்தப் புத்தகத்துலயும் இது இல்லீங்க. நான் மதிய அமைதின்னு பேரு வெச்சிருக்கேன். இந்த வருசம் மட்டும் அந்த அமைதி காணோம். என்னமோ மாறியிருக்குதுங்க. மலையில மரம் போனதாலயா, கடல் சூடானதாலயான்னு பாக்கோணும். ஒரு அத்தியாயமே எழுதலாமுங்க."

கண்கள் அப்படி மின்னின. "நல்லது மேடம்" என்றேன்.

ஜூலை 5, சனி

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. வீட்டில் தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது. வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

மதிய அமைதி எங்கே போனது என்று தேட, நிலையத்துக்கு மேற்கே உள்ள ஐம்பது மீட்டர் கம்பத்தில் காற்றுமானிகளைப் பொருத்த வேண்டும் என்றார் அம்மாள். ஏறுவதற்குப் பேசியிருந்த ஆள், ஆனி ஆடிக் காற்றில் ஏற மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். அம்மாள் சேஃப்டி பெல்ட்டை வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

காற்று குறைவாக இருக்கும் காலை ஆறு மணிக்கு ஏறினார். குறைவு என்று பேர்தான். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் ஊளையிட்டன. துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டி, சுடிதார் காற்றில் படபடக்க, ஒவ்வொரு படியாகக் கொக்கியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு போனார். பாதியில் ஒரு பெரிய வீச்சு வந்தது. கம்பத்தைக் கட்டிப்பிடித்து அப்படியே நின்றார். தாணுமாலயன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. மூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. பிறகு மறுபடி ஏறினார். நாற்பது நிமிடம் உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை செய்தார். இறங்கி வந்தபோது உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"பயமா இல்லியா மேடம்?" என்றேன்.

"பயந்தானுங்க. ஆனா மேல போனா மலைக்கு அந்தப் பக்கம் மேகம் தெரியுதுங்க சார்!"

இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு ஆளோடு வேலை பார்க்கக் கிடைத்தது பாக்கியம். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

நடக்கக் கூடாதது நடந்தது. அம்மாளின் நிரலை நம்பி, ஒரு மணிக்குக் காற்று 90க்கு இறங்கும் என்று சென்னை நேற்றே கணக்குப் போட்டிருந்தது. அதை ஈடுகட்ட நிலக்கரி நிலையங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு வந்தது 146. ஏற்றிய நிலக்கரியைச் சட்டென்று இறக்க முடியாது. "அறுபது மெகாவாட்டை உடனே நிறுத்துங்க" என்று போன் வந்தது. நானும் தாணுமாலயனும்தான் ஸ்விட்சுகளைத் திருப்பினோம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது, வரிசை வரிசையாகக் காற்றாலைகள் இரண்டு மணி நேரம் சும்மா நின்றன.

அம்மாள் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து அவருக்கும் போன் வந்தது. ஆகஸ்ட் 14க்குள் மதியக் கணக்கைச் சரிசெய்யாவிட்டால் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம்.

"ஒருவேளை பழைய லாக்குல ஏதாவது தப்பு இருக்குமோ மேடம்?" என்று மெல்லக் கேட்டேன். இவ்வளவுதான் எனக்கு வாய் வந்தது.

"சேச்சே. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்குதுங்களே சார். இந்த வருசத்து லாக்கையும் புது மீட்டரையும் ஒப்பிட்டுப் பாத்தேனுங்க, ஒரு இடத்துலகூட மாறல. இப்படி எழுதற ஆளுங்க பன்னெண்டு வருசமாத் தப்பா எழுதுவாங்களா?"

ஜூலை 18, வெள்ளி

காலையில் அம்மாள் ஐந்தாம் தடவையாகக் கம்பத்தில் ஏறினார், கீழே கயிறு பிடித்தவன் நான். வேறு எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 24, வியாழன்

என் டைரியிலேயே நான் மழுப்பிக்கொண்டிருந்தால் எங்கே உருப்படப்போகிறேன். எழுதிவிடுகிறேன்.

மதிய அமைதி என்று ஒன்று கணவாயில் கிடையாது. அது எங்கள் சாப்பாட்டு நேரம்.

மீட்டர்கள் இருக்கும் பேனல் அறை ஒரு பக்கம், நாங்கள் சாப்பிடும் கொட்டகை இன்னொரு பக்கம். பன்னிரண்டு மணிப் பதிவை எழுதும்போதே ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சேர்த்து எழுதிவிட்டுப் போவது எங்கள் பழக்கம். சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் கொஞ்சம் கண் அசந்து, மூன்று மணிக்கு வந்து மீட்டரைப் பார்ப்போம். சேர்த்து எழுதும்போது முந்தைய எண்ணை விடக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுத வேண்டும். ஏற்றி எழுதினால் ஏன் ஏறியது என்று மேலே இருந்து போன் வரும். குறைத்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தச் சூட்சுமத்தைப் புதிதாக வரும் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். முதல் ஐந்து வருடம் ஷிஃப்டில் இருந்து நானே எழுதினேன். பிறகு ஏழு வருடம் பொறுப்பாளனாக எல்லாவற்றுக்கும் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாள் வந்த மறுநாள் பயந்துபோய் ஒழுங்காக எழுதச் சொன்னேன். அதுதான் பெரிய வினையாகிவிட்டது. இந்த வருடமும் வழக்கம்போலப் பொய் எழுதியிருந்தால் புது மீட்டரோடு ஒப்பிட்டு ஒரே நாளில் பிடித்திருப்பார். நாங்கள் யோக்கியர்களாக மாறியதால் ஏமாந்துபோனார்.

இரவுச் சாப்பாட்டின்போது பிரம்முவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத வெளிய சொன்னா வேலையவிட்டுத் தூக்கிருவாவளா?" என்றாள்.

"தூக்க மாட்டாங்க. சார்ஜ் மெமோ வரும். இன்கிரிமென்ட வெட்டுவாங்க. ரிட்டையர் ஆக மூணு வருசம் இருக்கு, பென்ஷன இழுத்தடிப்பாங்க."

"அந்தப் பிள்ள கம்பத்துல ஏறும்போது கீழ நின்னு பாத்தேன்னு வந்து சொன்னீயள்ளா?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லிருக்கணும்." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வருடத்து பைண்டை விரித்து, என் கையாலேயே எழுதிய பக்கத்தைக் காட்டினேன். பன்னிரண்டு மணி 64, ஒரு மணி 62, இரண்டு மணி 61, மூன்று மணி 97. "இந்த ரெண்டும் நான் பாக்காம எழுதினது மேடம். இந்தப் பக்கம் மட்டும் இல்ல." குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

அம்மாள் பக்கங்களைப் புரட்டினார். நான்கு, ஐந்து, பத்து. அவர் முகம் சிவந்தது.

"அந்தக் கம்பத்துல நான் எட்டு தடவ ஏறியிருக்கேனுங்க" என்றார். "கீழ நின்னு கயிறு பிடிச்சது நீங்கதானுங்களே."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 28, திங்கள்

எட்டு மணிக்கு வழக்கம்போல வந்தார். இரண்டு சிவப்புப் பேனாக்களை மேசையில் வைத்தார்.

"கோவம் போகல சார். ஆனா எனக்குப் பதினேழு நாள்தான் இருக்குது. எது பாத்தது, எது பாக்காததுன்னு உங்களுக்குத்தான் தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

இன்றும் வேலைதான். நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். பார்க்காமல் எழுதியது தெரிந்த இடத்தில் எல்லாம் சிவப்பு வட்டம், ஓரத்தில் என் சுருக்கொப்பம். பிரம்மு சித்திரான்னங்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அம்மாள் தேங்காய்ச் சாதத்தை மட்டும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

உண்மையான பதிவுகளும் உண்டு. மேலதிகாரி ஆய்வுக்கு வந்த நாட்கள். பராமரிப்புக்காக எல்லோரும் பேனல் முன்னாலேயே நின்ற நாட்கள். அப்புறம் தாணுமாலயன் ஷிஃப்டில் இருந்த செவ்வாய்க்கிழமைகள். அவன் முருகனுக்குச் செவ்வாய் விரதம். மதியம் சாப்பிட மாட்டான், சும்மா இருக்கப் பிடிக்காமல் மீட்டர் பார்த்து எழுதுவான்.

இதைச் சொன்னதும் அம்மாள் பேனாவைக் கீழே போட்டார். "அட சாமி! செவ்வாக்கிழமைல மட்டும் மதிய அமைதி இல்லாம இருந்துதுங்க. காத்துக்குக் கிழமை தெரியுமான்னு நினைச்சு, அதையெல்லாம் தப்புன்னு நாந்தான் தூக்கி வீசினேன்!" என்று சொல்லி, வந்த நாளிலிருந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தாணுமாலயனுக்கு ஒன்றும் புரியாமல், விரதத்தைக் கேலி செய்கிறோமோ என்று முறைத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

முடிந்தது. அம்மாள் எண்ணியதில் 6,311. நான் எண்ணியதில் 6,325. மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். இருவருக்கும் 6,318.

அத்தனையையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய நல்ல பதிவுகளை மட்டும் வைத்து நிரலை மறுபடி ஓட்டினார். திரையில் கோடு மேலே போனது. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும்தான் கணவாயில் காற்று உச்சமாம். கிழக்கே தரை சூடேறிக் காற்றை இழுக்கிறது என்று விளக்கினார். பன்னிரண்டு வருடமாக நாங்கள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில்தான் கணவாய் தன் முழு பலத்தையும் காட்டியிருக்கிறது. அழிந்துபோன அத்தியாயத்துக்காக ஒரு வார்த்தை வருத்தப்படாமல் புதிய அத்தியாயத்துக்குத் தலைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார் இந்தப் பெண்மணி. எப்பேர்ப்பட்ட மனுஷி!

ஆகஸ்ட் 14, வியாழன். சென்னை

ரயிலில் நானும் கூடப் போனேன். "நீங்க வரோணும்னு இல்லீங்க சார். பதிவுகள்ல கோளாறுன்னு மட்டும் சொல்லிக்கறேன். பேர் சொல்ல மாட்டேன்" என்று வழியெல்லாம் சொன்னார். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன்.

நீள மேசை. பதினைந்து பேர். பாதிப் பேர் முன்னாளில் துணை மின்நிலையங்களில் வேலை பார்த்து மேலே வந்தவர்கள். அம்மாள் அழகாக, தடுமாறாமல் பேசினார். ஜூலை 17 நடந்ததற்கு நிரல்தான் காரணம் என்று தானே முதலில் ஒப்புக்கொண்டார். முடித்ததும் தலைவர் கேட்டார்:

"பன்னெண்டு வருஷ டேட்டால மதியம் ஒண்ணு, ரெண்டு மட்டும் எடுத்துட்டீங்க. உங்களுக்கு ஒத்துவராததைத் தூக்கிட்டீங்கன்னு நான் சொல்லலாமா?"

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. "பதிவுகள்ல கோளாறுங்க ஐயா" என்றார்.

"என்ன கோளாறு? சான்று வேணும்மா. இல்லாட்டி இத ஏத்துக்க முடியாது."

நான் எழுந்தேன். "அந்த நேரத்துல நாங்க மீட்டர் பாக்கல ஐயா. சாப்பிடப் போயிருவோம். முன்கூட்டியே எழுதி வெச்சிருவோம். கையெழுத்தெல்லாம் என்னுது" என்று சொல்லி, சிவப்பு வட்டம் போட்ட பைண்டுகளில் ஒன்றை மேசையில் வைத்தேன்.

தலைவர் பைண்டைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவர் ஸ்டேஷன்ல மட்டும்தானா? வேற எங்கயும் இல்லையா?"

பதினைந்து பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார். கடைசியில் தலைவரே சொன்னார்: "நான் இருந்த ஸ்டேஷன்ல சாப்பாடு ஒன்றரை மணிக்கு."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். அம்மாள் மட்டும் சிரிக்காமல் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். மற்ற நிலையங்களின் மதியப் பதிவுகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட அனுமதி வேண்டும் என்று அங்கேயே கேட்டு, அங்கேயே வாங்கினார். சோதனை அடுத்த பருவத்துக்கும் நீடிக்கிறது, நான்கு மாவட்டங்களுக்கு.

வெளியே வந்ததும், "ஏன் சார் எந்திரிச்சீங்க?" என்று கேட்டார். காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரு மணிக்கு 138 என்று நிரல் சொன்னது. 136 வந்தது. சென்னை நேரத்தோடு நிலக்கரியைக் குறைத்தது. ஒரு காற்றாலையும் நிற்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சார்ஜ் மெமோ வந்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர் ஒரே ஒரு மாதத் தாள்களைப் பார்த்துவிட்டு, மீட்டர் பார்க்காமல் எழுதிய பதிவுகள் நாற்பத்தொன்று என்று குறிப்பிட்டிருக்கிறார். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தாணுமாலயன் பெயரும் மற்றவர்கள் பெயரும் இல்லை. நிம்மதி.

இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். "குற்றச்சாட்டு உண்மை. எண்ணிக்கை மட்டும் தவறு. 41 அல்ல, 6,318."

செப்டம்பர் 12, வெள்ளி

மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் போன் செய்தார். இளம் குரல், நல்ல மனசுக்காரர்.

"சார், உங்க விளக்கத்துல நம்பர் தப்பா விழுந்திருக்குன்னு நினைக்கேன். அவங்க நாப்பத்தொண்ணுன்னுதான் கேட்டிருக்காங்க. நீங்களே எதுக்கு சார் ஆறாயிரம்னு போடுதீங்க? திருத்தி வேற அனுப்புங்க, நான் இத ஓரமா எடுத்து வெச்சிருதேன்."

"தப்பு இல்ல தம்பி. அப்பிடியே ஏத்துங்க."

"நல்லாப் பாத்துதான் எழுதினீங்களா சார்?"

"முப்பது வருச சர்வீஸ்ல நான் ரெண்டு தடவ சரிபாத்து எழுதின நம்பர் அது ஒண்ணுதான்" என்றேன்.

ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு என்று அவர் ஒரு முறை படித்துக்கொண்டார். பிறகு, "சரி சார், ஏத்திருதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.